கேட்டுக்கு வெளியே விழுந்தவர்

"காதை அடைச்சுக்கிட்டு பைக் ஓட்டுறவங்களை எங்கேயாவது பார்த்திருக்கியா ஒட்டடை?" என்று மேடம் கேட்டார்.

"நிறைய பேர் ஓட்டுறாங்களே மேடம். பின்சீட்ல பெண்டாட்டி உட்கார்ந்தா..." என்று ஆரம்பித்த பிறகுதான் எதிரே நிற்பது யார் என்பது எனக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கணவனைப் பறிகொடுத்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண்ணின் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு அடிக்கிற ஜோக்கா இது? என் வாய்க்கு ஒரு பூட்டுப் போடவேண்டும் என்று மேடம் பல வருடமாகச் சொல்லி வருகிறார். சாவியையும் நானே தொலைத்துவிடுவேன் என்பதால்தான் இன்னும் போடவில்லை.

ஒட்டடை என்பது அடியேன்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. என் உயரத்தையும் உடம்பையும் பார்த்தவர்கள் யாரும் அதை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. மேடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சாலை விபத்துகளை விசாரிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் துப்பறியும் நிலையம் திறந்தார். எப்பேர்ப்பட்ட பொய்யனையும் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் போதும், அவன் உண்மையைக் கக்கிவிடுவான். நான் தினமும் கக்குகிறேன்.

மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஒரு வாட்ச், ஒரு பர்ஸ், மஞ்சள் நிறத்தில் சுண்டு விரல் நுனியளவு இரண்டு ஸ்பாஞ்ச் அடைப்பான்கள்.

"ஆஸ்பத்திரியில அவர் காதுலேர்ந்து எடுத்ததுன்னு நர்ஸ் குடுத்தாங்க மேடம்," என்றார் அந்தப் பெண். "ஃபோர்ஜ் ஷாப்புல, அதான் இரும்படிக்கிற இடத்துல, போட்டுக்கிறது. அங்க சத்தம் அப்படி. வீட்டுக்கு வரும்போது ஒரு நாளும் போட்டுக்கிட்டு வந்ததில்ல."

விஷயம் இதுதான். தெருமுனையில் இருக்கும் இரும்புத் தொழிற்சாலையில் இவருடைய கணவர் சுத்தியல் ஆபரேட்டர். சுத்தியல் என்றால் நம் வீட்டில் ஆணி அடிக்கிற சுத்தியல் இல்லை. ஒரு வீட்டளவு உயரம். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்து லாரி அச்சு செய்கிற ராட்சசன். அவர் தலைவலி என்று சொல்லி ஷிப்டு முடியும் முன்பே கிளம்பினார், கேட்டைத் தாண்டியதும் பைக்கோடு விழுந்தார், ஹேண்டில்பார் நெஞ்சில் குத்தி ஆஸ்பத்திரி போகும் வழியில் இறந்தார். கம்பெனி சொல்வது இது. போலீஸ் எழுதிக்கொண்டதும் இதுதான். சொந்தக் கவனக்குறைவு.

"வேலையில இறந்திருந்தா, பொண்ணுங்க படிப்பு முடியுற வரைக்கும் இந்தக் குவார்ட்டர்ஸ்லயே இருக்கலாம்னு கம்பெனி ரூல் இருக்கு," என்றார். "ரோட்டுல இறந்தவருக்கு அது கிடையாதாம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்."

கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். பாத்திரங்களைப் பழைய புடவையில் சுற்றி வைத்திருந்தார். சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன, படங்கள் பெட்டிக்குள் போய்விட்டிருந்தன.

"எங்க போவீங்க?" என்றார் மேடம்.

"அதான் தெரியல மேடம். ஆனா எனக்கு வீடுகூட அப்புறம்தான். அவர் எங்க விழுந்தாருன்னு எனக்குத் தெரியணும். கவனக்குறைவாம்! கேஸ் சிலிண்டரை மூடினோமான்னு பாதி வழியிலேர்ந்து திரும்பி வந்து பார்க்கிற மனுஷன் மேடம் அவர். அவரைப் போயி..." என்று அழுதார்.

பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அவருடைய தம்பி நிமிர்ந்தான். அதே ஷாப்பில், அதே சுத்தியலில், மாமாவுக்குக் கீழே வேலை பார்த்தவன். பல வருடம் காண்ட்ராக்ட் ஆளாக இருந்துவிட்டு இப்போதுதான் பர்மனென்ட் ஆகியிருக்கிறான். சட்டையில் புது பேட்ஜ். "விடுக்கா. போனவர் போயிட்டார். தோண்டிக்கிட்டே இருந்தா திரும்பியா வருவார்?" என்றான். எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. கயிறு வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனான். கையில் ஒரு பந்துக் கயிறு அப்படியே இருந்தது.

வாசலில் அந்த பைக் நின்றது. அரதப் பழசு. மேடம் கண்ணைக் காட்டியதும் நான் ஏறி உட்கார்ந்து உதைத்தேன். உதைத்தேன், உதைத்தேன், கால் கழன்று விடும்போல ஆகிவிட்டது. வண்டி செருமக்கூட இல்லை.

"அது உங்களுக்கு ஸ்டார்ட் ஆகாது சார்," என்றார் அவர், அழுகைக்கு நடுவிலும் லேசாகச் சிரித்து. "ஸ்டாண்ட் போட்டு, இடது பக்கமா நல்லா சாய்ச்சுப் பிடிச்சு உதைக்கணும். அந்தச் சாய்ப்பு எவ்வளவுன்னு அவருக்கும் என் தம்பிக்கும் மட்டும்தான் கைவரும். மெக்கானிக்கே தோத்துப் போயிட்டான்."

தொழிற்சாலை கேட்டுக்குப் போனோம். கேட்டுக்கு மேலே பிரம்மாண்டமான ஒரு போர்டு. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே விளக்கில் ஒளிரும் ஒரு எண். நான் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கையெல்லாம் கூட்டினாலும் அந்த எண் வராது.

கேட்டுக்கு நேர் எதிரே ஒரு பஞ்சர் கடை. அன்றைக்கு முதலில் ஓடிவந்தவர் கடைக்காரர்தான். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டே பேசினார்.

"பார்த்தப்போ வண்டி அவர் பக்கத்துல சாய்ஞ்சு கிடந்துச்சு. எஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சு. நான்தான் சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணேன். வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்ட் போடலாம்னு காலைத் தூக்கினேன். பார்த்தா, ஏற்கெனவே போட்டிருக்கு."

"ஸ்டாண்ட் போட்ட வண்டியை ஓட்டிக்கிட்டு வந்து விழுந்தாரா? சர்க்கஸ்ல இருக்கவேண்டிய ஆள்," என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. "இந்த இடத்துல இதுக்கு முன்னாடி யாராவது விழுந்திருக்காங்களா?"

"அதையேன் கேக்குறீங்க! விழுந்துக்கிட்டே இருப்பாங்க," என்றார் அவர் சர்வ சாதாரணமாக. "ரோடு சரியில்ல."

நாங்கள் ரோட்டைப் பார்த்தோம். புதிதாகத் தார் போட்டு, தலை வாரிவிட்டதுபோல இருந்தது.

"போன வருஷம் ஒருத்தர் கால் முறிஞ்சு கிடந்தார். அப்புறம் ஒருத்தருக்கு சைக்கிள்லேர்ந்து விழுந்து விரல் ரெண்டு நசுங்கிடுச்சு. இன்னொருத்தருக்கு முழங்கை வரைக்கும் தீக்காயம்."

"தீக்காயமா? ரோட்டுல விழுந்தா?"

கடைக்காரர் டியூபை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரைக்கும் தான் சொன்னதைத் தானே காதுகொடுத்துக் கேட்டதில்லை போலிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் பஞ்சர் ஒட்டுறவன் சார். அவங்க வண்டிதான் எனக்குப் பொழப்பு. ரோட்டுல கிடக்கிறாங்க, நான் ஓடிப்போயி தண்ணி குடுக்கிறேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது, ஆளை விடுங்க," என்றார்.

திரும்பி நடக்கும்போது மேடம் கேட்டார்: "எஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஸ்டாண்ட் போட்டிருந்துச்சு. என்ன அர்த்தம்?"

"ஓட்டிக்கிட்டு வந்த வண்டி இல்ல. நிறுத்தி வச்சு ஸ்டார்ட் பண்ணின வண்டி. அதுக்கப்புறம் அப்படியே கீழ சாய்ச்சிருக்காங்க."

"நெஞ்சுல அடிபட்டு உயிருக்குப் போராடுறவர் சாய்ச்சுப் பிடிச்சு உதைச்சிருக்க முடியுமா?"

"நல்லா இருக்கிற நானே உதைச்சு நாக்குத் தள்ளிடுச்சு." சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அவருக்கும் தம்பிக்கும் மட்டும்தான் கைவரும். "மேடம், தம்பியா?"

"நினைச்சதையெல்லாம் நடுரோட்டுல கத்தாதே. முதல்ல உள்ள போவோம்."

பிளான்ட் மேனேஜர் எங்களை வரவேற்ற விதத்தைப் பார்த்தால் பெண் பார்க்க வந்தவர்கள் என்று நினைக்கத் தோன்றும். ஏசி அறை, கண்ணாடி அலமாரி முழுக்கப் பாதுகாப்புக்கு வாங்கிய ஷீல்டுகள். தண்ணீர் கொடுக்கும்போதுகூட கிளாஸ் விளிம்பைத் துடைத்துக் கொடுத்தார்.

"தங்கமான மனுஷன் மேடம் அவர். அவர் கேட்டுக்கு வெளியில விழுந்ததை இன்னைக்கு வரைக்கும் என்னால ஜீரணிக்க முடியல."

"உள்ள விழுந்திருந்தா?"

"உள்ள விழ வாய்ப்பே இல்லீங்க. எங்க ரெக்கார்டைப் பாருங்க." அவர் குரலில் பொய் இல்லை. அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது. "நான் வந்ததும் ஒரு திட்டம் கொண்டுவந்தேன். எந்த லைன் வருஷம் முழுக்க விபத்தே இல்லாம ஓடுதோ, அந்த லைன்ல இருக்கிற காண்ட்ராக்ட் ஆளுங்களைப் பர்மனென்ட் பண்றது. சுத்தியல் லைன் போன வருஷம் ஜெயிச்சுட்டாங்க. விபத்து எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு நினைக்கிறீங்க? அடியோட நின்னுடுச்சு!"

"கேட்டுக்கு வெளிய கூடியிருக்கு," என்றார் மேடம்.

மேனேஜரின் சிரிப்பு கொஞ்சம் மங்கியது. "ரோடு எங்க கையில இல்லையே மேடம். நான் யாரையும் எதையும் மறைக்கச் சொன்னதில்ல. ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்க, நான் சொன்னேன்னு ஒருத்தன் சொல்லட்டும், இந்த நாற்காலியை விட்டு எழுந்து போயிடறேன்."

சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சொல்வதற்கு அப்படி ஒரு உத்தரவே இருந்திருக்காது. எனக்கு அந்த மேஜையைக் குப்புறக் கவிழ்க்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. கவிழ்த்தாலும் மனிதர் பொறுமையாக எழுந்து, என் காலில் அடிபட்டதா என்றுதான் விசாரிப்பார்.

"அந்த அம்மாவுக்கு இப்ப என்ன பிரச்சினை மேடம்? வெளிப்படையா சொல்லுங்க," என்றார்.

"வீடு," என்றார் மேடம். "அப்புறம் உண்மை."

அவர் முதல் வார்த்தைக்கு மட்டும் தலையாட்டினார்.

ஃபோர்ஜ் ஷாப்பைப் பார்க்க அனுமதித்தார். மறைக்க எதுவும் இல்லை என்கிற பெருமை. ஹெல்மெட், கண்ணாடி, கூடவே இரண்டு மஞ்சள் அடைப்பான்கள் கொடுத்தார்கள். உருட்டிக் காதுக்குள் வைத்ததும் உலகமே கம்பளிக்குள் போனதுபோல் ஆயிற்று. அப்படியும் சுத்தியல் இறங்கும்போது பல் ஆடியது. சிவப்பாகக் கொதிக்கும் இரும்பை ஒருவர் நீள இடுக்கியில் பிடித்துச் சுத்தியலுக்கு அடியில் வைக்க, அது இறங்க, தீப்பொறி சிதற, அவர் புரட்டி வைக்க, மறுபடி இறங்க... இதை எட்டு மணி நேரம் செய்கிறவர்கள் ராத்திரி எப்படித் தூங்குகிறார்கள்?

ஷாப்பை விட்டு வெளியே வரும் கதவருகில் ஒரு குப்பைத் தொட்டி. வெளியே வந்த ஒவ்வொருவரும் கதவைத் தாண்டியதும் முதல் வேலையாகக் காதில் இருப்பதைப் பிடுங்கி அதில் போட்டார்கள். ஒருவர்கூட மறக்கவில்லை. நானும் போட்டேன். தொட்டி நிறைய மஞ்சள்.

"மூஞ்சியில வேர்வை வழிஞ்சாக்கூட துடைக்க மறப்பாங்க, இதை மறக்கமாட்டாங்க," என்றேன். "அப்படின்னா அவர் இந்தக் கதவைத் தாண்டும்போது கையைத் தூக்கி இதை எடுக்கிற நிலைமையில இல்ல."

"தூக்கிட்டு வந்திருக்காங்க," என்றார் மேடம். "நினைவில்லாத மனுஷனைத் தூக்கிட்டுப் போயி ரோட்டுல போட்டிருக்காங்க. தம்பி வண்டியைக் கொண்டுபோயி பக்கத்துல சாய்ச்சிருக்கான். பர்மனென்ட் ஆகுறதுக்காக, கூடப்பிறந்தவளோட புருஷனை."

கேட் அருகில் கம்பெனி ஆம்புலன்ஸ் நின்றது. புத்தம் புதுசு. சீட்டின்மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வாசலிலேயே எங்களுக்கு ஒரு அதிர்ச்சி. காலையில் கட்டியிருந்த பெட்டிகளை அந்தப் பெண் அவிழ்த்துக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த புடவைகளை உதறி மடித்து, பாத்திரங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"மேடம்! வாங்க வாங்க! நீங்க வந்த ராசியோ என்னவோ! மேனேஜரே போன் பண்ணினார். தம்பிதான் பர்மனென்ட் ஆயிட்டானே, அவனுக்கு குவார்ட்டர்ஸ் உண்டாம். வேற எங்கேயும் வேணாம், இந்த வீட்டையே அவன் பேருக்குக் குடுத்துட்டாங்க. பொண்ணுங்க ஸ்கூல் மாத்த வேணாம். நான் எங்கேயும் போகவேணாம்!"

எங்கள் ராசி இல்லை. மேனேஜர் அறையில் மேடம் உச்சரித்த 'வீடு' என்ற ஒரே சொல்தான் காரணம். நாங்கள் ஷாப்பைச் சுற்றிவந்த நேரத்துக்குள் மனிதர் காரியத்தை முடித்துவிட்டார்.

"உட்காருங்க, டீ போடறேன்," என்று அவர் உள்ளே போனார்.

வாசலில் தம்பி ஷிப்டுக்குக் கிளம்பத் தயாராக நின்றான். மேடம் அவனிடம் போய், மிகச் சாதாரணமாக, "இந்த வண்டி ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது தம்பி. கொஞ்சம் பண்ணிக் காட்டுங்களேன்," என்றார்.

அவனும் யோசிக்காமல் ஸ்டாண்டைக் காலால் தட்டிப் போட்டான், வண்டியை இடது பக்கம் சாய்த்தான், ஒரு உதை. ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"அன்னிக்கும் இப்படித்தானா?" என்றார் மேடம். "ஸ்டார்ட் பண்ணிட்டு, ஸ்டாண்டை எடுக்க மறந்துட்டீங்க."

அவன் எஞ்சினை அணைத்தான். அணைத்த பிறகும் ஹேண்டிலை விடவில்லை.

"நினைவில்லாத மனுஷனைத் தூக்கிட்டுப் போயி ரோட்டுல போட எப்படித் தம்பி மனசு வந்துச்சு?"

"தூக்கலை மேடம்." குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "மாமா நடந்தே வந்தார்."

நானும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இரும்பு கொஞ்சம் கோணலா உட்கார்ந்துடுச்சு. சுத்தியல் இறங்கினதும் இடுக்கி எகிறி அவர் நெஞ்சுல குத்திடுச்சு. கீழே உட்கார்ந்துட்டார். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஓடினேன். என் சட்டையைப் பிடிச்சு இழுத்தார். 'எங்கடா ஓடுற? அதுல ஏறினா கணக்குல வந்துடும். வருஷம் முடியப்போகுது. நீங்க எல்லாரும் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். வெளிய போயி விழுந்துக்கலாம் மாப்ள, வா'ன்னார். எங்க லைன்ல அதான் வழக்கம் மேடம். யாருக்கு அடிபட்டாலும் வெளிய நடந்துபோயி விழுந்துக்கிறது. யாரும் சொல்லிக் குடுக்கல. எங்களுக்குள்ளயே வந்துடுச்சு. ஒருத்தனால மத்தவன் வாழ்க்கை கெடக்கூடாதுன்னு."

"காதுல அடைப்பான் இருந்துச்சே?"

"ஒரு கை என் தோள்ல. ஒரு கையால நெஞ்சைப் பிடிச்சிருந்தார். எடுக்கக் கை ஏது? கேட்ல செக்யூரிட்டிகிட்ட 'தலைவலிப்பா'ன்னு சொல்லி சிரிக்கக்கூட செஞ்சார். வெளியில வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்ததும், 'வண்டியை ஸ்டார்ட் பண்ணி சாய்ச்சிடு மாப்ள, ஓடின வண்டின்னாதான் நம்புவாங்க. நான் இப்படிப் படுத்துக்கறேன். சும்மா அடிதான், மூச்சு மட்டும் கொஞ்சம் பிடிக்குது'ன்னார். சும்மா அடின்னுதான் நானும் நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் மேடம் நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் உள்ள போயிட்டேன்." இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். "வேலை நேரத்துல நான் அங்க நின்னா கேள்வி வரும்ல? 'நீ போடா'ன்னு அவர்தான் விரட்டினார். வெளி ஆம்புலன்ஸ் வர்றதுக்கு அவ்வளவு நேரம் ஆகும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் போயி சுத்தியல் முன்னாடி நின்னு, அவர் விட்ட இடுக்கியை எடுத்து, அவர் வச்ச இரும்பை முடிச்சேன். நான் இரும்படிச்சுக்கிட்டிருக்கேன் மேடம், அவர் அங்க ரோட்டுல..."

உள்ளே ஏதோ விழுந்தது. திரும்பினேன். அவன் அக்கா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

வெளியே வந்தார். தம்பியின் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தார். சட்டை கிழிகிற மாதிரி பிடித்து உலுக்கினார். "பாவி! தனியா விட்டுட்டுப் போயிட்டியேடா! நாய் செத்தாக்கூட யாராவது பக்கத்துல நிப்பாங்களேடா!" அவன் தடுக்கவில்லை. அடி வாங்கியபடியே, "சொல்லிடறேன்கா. எல்லாத்தையும் சொல்லிடறேன். மேடம், என்னை எங்க கூட்டிட்டுப் போகணுமோ கூட்டிட்டுப் போங்க. எழுதிக் குடுத்துடறேன்," என்றான்.

அக்கா அடிப்பதை நிறுத்தினார். மூச்சு வாங்கியது. மேடம் பக்கம் திரும்பினார்.

"இவன் சொன்னா கேஸ் நிக்குமா மேடம்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குப் பொய் சொல்ல வராதும்மா. இவர் சொல்வார். லைன்ல இருக்கிற மத்த எல்லாரும் இல்லைன்னு சொல்வாங்க. அவங்க வேலையும் இதுலதான் இருக்கு. நடந்து வந்தார், சிரிச்சார், தலைவலின்னு அவர் வாயாலேயே சொன்னார்னு செக்யூரிட்டி சொல்வார். அதுவும் உண்மைதான். மறைக்கச் சொன்னது யாருன்னு கேட்டா, யாருமே இல்ல."

"இவனுக்கு?"

"வேலை போகும். போலீஸ்ல பொய் சாட்சி, உதவி பண்ணாம விட்டது, என்னென்ன போடுவாங்களோ தெரியாது. வேலை போனா..."

"வீடும் போகும்," என்று அவரே முடித்தார்.

ஏதாவது சொல்லி நிலைமையைச் சமாளிப்பது என் பழக்கம். எதைச் சொல்ல? அந்த மேனேஜர் மட்டும் கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். அவர்மேல் என்ன குற்றம் சொல்வது? போர்டு வைத்தார். பரிசு அறிவித்தார். வீடு கொடுத்தார்.

"நான் சொல்லச் சொன்னா, என் புருஷன் பேர் நிமிரும்னுகூட நிச்சயமில்ல. நான், என் பொண்ணுங்க, இவன், நாலு பேரும் நடுத்தெருவுல நிப்போம்," என்றார் அவர், ஒவ்வொன்றாக, எங்களுக்குப் பாடம் ஒப்பிப்பதுபோல. "சொல்ல வேணாம்னா, இந்த வீட்டுல, இவன் மூஞ்சியைத் தினமும் பார்த்துக்கிட்டு, இவனுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருக்கணும். எது செய்யட்டும் மேடம்? நீங்கதானே எல்லாத்தையும் கண்டுபிடிக்கிறவங்க. இதைச் சொல்லுங்களேன்."

மேடம் மெல்ல அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று கேட்டார், கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டோம். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

தொழிற்சாலை சைரன் ஊதியது. இரண்டாவது ஷிப்டு.

தம்பி அசையவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் கையை விடுவித்துக்கொண்டு, முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தார்.

"போடா. லேட்டாப் போனா அதுக்கும் ஏதாவது சொல்வாங்க."

அவன் செருப்பைக் கழற்றி, கனமான ஷூவை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினான். அவர் பின்னாலேயே ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார்.

"அடிபட்டா உள்ளேயே விழுடா," என்றார். "யார் என்ன சொன்னாலும் கேக்காதே. வெளிய வராதே. உள்ளேயே விழு. எனக்குச் சத்தியம் பண்ணு."

அவன் கையை நீட்டவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"அடுத்த செட் காண்ட்ராக்ட் ஆளுங்க பர்மனென்ட் ஆகுறதுக்கு இந்த வருஷம்தான்கா கணக்கு," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தான்.